தண்ணீர் குடிக்காத என்ஜின்

சென்னையில் இருந்து கடலோரமாகவே புதுச்சேரிக்குப் போகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரத்தைத் தாண்டி, கல்பாக்கத்தைத் தாண்டி, மேலும் தெற்கே போனால் கடப்பாக்கம். பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள். அதற்கு அப்பால் உப்பங்கழியும் கடலும்.

நடுப்பகல் வெயிலில் இந்தச் சாலையில் போகிறவர்கள் எப்போதாவது ஒரு காட்சியைப் பார்த்திருக்கலாம். பழைய வேன் ஒன்று ஓரமாக நிற்கும். முன்னால் இருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பும். உள்ளே இருந்த குடும்பம் இறங்கி மர நிழலில் நிற்கும். டிரைவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாமா, வேண்டாமா என்று யோசிப்பார். (உடனே திறக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.)

அடுத்த வேலை, தண்ணீர் தேடுவது. அதுதான் கடலோரத்தில் கஷ்டம். பல இடங்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். அவசரத்துக்கு அதை ஊற்றலாம். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படியும். உள்ளே துருப் பிடிக்கும். பிறகு அடைப்பு எடுக்கப் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

தண்ணீரே கேட்காத என்ஜின் கிடையாதா?

ஏன் இல்லை? புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு யாராவது தண்ணீர் ஊற்றியது உண்டா? பழைய ஸ்கூட்டருக்கு? பழைய ஆட்டோ ரிக்ஷாவுக்கு? அவை எல்லாம் காற்றிலேயே சூடு தணிகிறவை.

அது சரி. இரண்டு பேர், மூன்று பேர் போகிற வண்டிக்குக் காற்று போதும். எட்டு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமக்கிற வேனுக்குப் போதுமா?

போதும் என்று காட்டிய என்ஜின் ஒன்று உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல் அது உலகம் முழுவதும் ஓடியது. அதை உருவாக்கியவர் ஒரு தகரக் கொல்லரின் மகன். கல்லூரியில் சேர்ந்து படித்துப் பட்டம் வாங்காதவர். அவர் பெயர் பெர்டினாண்டு போர்ஷே.

பட்டறையில் ஒளித்த பேட்டரி

1875-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி போர்ஷே பிறந்தார். ஊர் மாபெர்ஸ்டோர்ப். அன்று அது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தது. இன்று செக் நாட்டில் இருக்கிறது.

தந்தை ஆன்டன் போர்ஷே தகர வேலையில் கெட்டிக்காரர். சொந்தப் பட்டறை வைத்திருந்தார். மூத்த மகன் பட்டறையில் நடந்த விபத்தில் இறந்துபோனான். அதனால், தனக்குப் பிறகு பட்டறையை நடத்தப்போகிறவன் பெர்டினாண்டுதான் என்று தந்தை முடிவு செய்துவிட்டார்.

பையனின் மனமோ தகரத்தில் இல்லை. மின்சாரத்தில் இருந்தது! ஊரில் ஒரு கம்பளத் தொழிற்சாலை இருந்தது. அங்கே மின்சார விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததில் இருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. பகலில் சுத்தியல் பிடித்தான். மாலையில் பக்கத்து நகரத்தில் இருந்த தொழிற்பள்ளிக்குப் போய்ப் படித்தான். மீதி நேரத்தில், தந்தைக்குத் தெரியாமல் பேட்டரிகளை ஒளித்து வைத்துக்கொண்டு சோதனை செய்தான்.

ஒருநாள் தந்தை அதைக் கண்டுபிடித்துவிட்டார். வந்த கோபத்தில் பேட்டரிகளைக் காலால் மிதித்தார். உள்ளே இருந்த அமிலம் அவருடைய பூட்சைப் பொசுக்கிவிட்டது என்று சொல்வார்கள்.

ஆனாலும் சிறிது காலத்தில், அந்த வீட்டிலேயே மின்சார விளக்கு எரிந்தது. பையனே கம்பி இழுத்து, எல்லாவற்றையும் பூட்டி, விளக்கை எரியவைத்தான். பிறகு தந்தையால் தடுக்க முடியவில்லை. 18 வயதில் பெர்டினாண்டு வியன்னாவுக்குப் புறப்பட்டார்.

அங்கே ஒரு மின்சாரக் கம்பெனியில் சின்ன வேலை. சில ஆண்டுகளில் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். பெரிய தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று வியன்னாவில் இருந்தது. அதில் சேரப் போர்ஷேக்குத் தகுதிச் சான்று இல்லை. வேலை முடிந்ததும் ஓடிப்போய், மாணவர்களோடு மாணவராக வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். அந்த வியன்னா கல்லூரியே 1917-ல் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்துக் கவுரவித்தது!

1900-ம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. போர்ஷே செய்த மின்சார வண்டி அங்கே வைக்கப்பட்டது. முன் சக்கரங்கள் இரண்டிலும் மோட்டாரைப் பொருத்தி இருந்தார். பெல்ட் இல்லை, சங்கிலி இல்லை, கியர் இல்லை. பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 24.

பிறகு பெட்ரோல் வண்டிகளின் காலம். 1906-ல் ஆஸ்ட்ரோ-டெய்ம்லர் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். 1910-ல், தாம் செய்த காரைத் தாமே ஓட்டிப் பெரிய பந்தயம் ஒன்றில் முதல் பரிசு பெற்றார். 1923-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போய், டெய்ம்லர் கம்பெனியில் தொழில்நுட்ப இயக்குநராகச் சேர்ந்தார். மெர்சிடஸ் கார்களுக்கு அசுர வேகம் கொடுத்தவர் அவர்தான்.

அந்தக் கார்களை யார் வாங்கினார்கள்? ராஜாக்கள், மில் முதலாளிகள், சினிமா நட்சத்திரங்கள். அந்தக் கார்களுக்கு ஷெட் உண்டு. டிரைவர் உண்டு. ரேடியேட்டரைக் கவனிக்க ஆள் உண்டு.

ஒரு பள்ளி ஆசிரியரும், ஒரு கிராமத்து டாக்டரும் வாங்கக்கூடிய சின்னக் கார் செய்யவேண்டும் என்று போர்ஷே ஆசைப்பட்டார். கம்பெனியின் இயக்குநர்களுக்கு அது பிடிக்கவில்லை. தகராறு முற்றியது. போர்ஷே வெளியேறினார். அடுத்துச் சேர்ந்த ஆஸ்திரியக் கம்பெனியையும் பொருளாதார நெருக்கடி ஆட்டிவைத்தது. 55 வயதில் அவருக்கு வேலை இல்லை!

மகன் பெர்ரியையும், தம்மை நம்பி வந்த சில என்ஜினீயர்களையும் சேர்த்துக்கொண்டு, ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிறிய வடிவமைப்பு அலுவலகம் தொடங்கினார். 1931-ல் அது பதிவு செய்யப்பட்டது. கார் செய்வது அவர்கள் வேலை அல்ல. கார் செய்கிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பதுதான் வேலை.

தண்ணீரா, காற்றா?

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, என்ஜினுக்குள் எட்டிப் பார்க்கவேண்டும்.

பெட்ரோல் எரியும்போது பிறக்கும் சக்தியில் ஏறக்குறையக் கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்ற உதவுகிறது. மீதி எல்லாம் சூடு. ஒரு பகுதி புகையோடு போய்விடும். ஒரு பகுதி என்ஜின் இரும்பிலேயே ஏறும். அந்தச் சூட்டை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் நீர்த்துப்போகும். பிஸ்டன் வீங்கி, சிலிண்டரில் கவ்விக்கொள்ளும். என்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

வீட்டில் குழந்தைக்குச் சூடான பாலை எப்படி ஆற்றுகிறோம்? பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கலாம். அல்லது விசிறியால் விசிறலாம். என்ஜினுக்கும் இந்த இரண்டு வழிகள்தான்.

முதல் வழி, தண்ணீர். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும். சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்றுப் பட்டு ஆறும். மறுபடியும் என்ஜினுக்கு வரும். எடைக்கு எடை பார்த்தால், காற்றைவிட நான்கு மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும். என்ஜின் எங்கும் ஒரே சீராகச் சூடு தணியும். தண்ணீர் சுற்றி இருப்பதால் சத்தமும் குறையும்.

ஆனால் அதற்குப் பரிவாரம் அதிகம். ரேடியேட்டர் வேண்டும். பம்பு வேண்டும். ரப்பர் குழாய்கள் வேண்டும். ஒன்று ஒழுகினாலும் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

இரண்டாவது வழி, காற்று. புல்லட்டின் சிலிண்டரைப் பாருங்கள். தட்டுத் தட்டாக இரும்பு இதழ்கள் அடுக்கி இருக்கும். இதழ்கள் அதிகமானால் காற்றுப் படும் பரப்பும் அதிகமாகும். வண்டி ஓடும்போது எதிர்க் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும். என்ஜின் உள்ளே மறைந்திருந்தால் எதிர்க் காற்று எட்டாது. பழைய ஸ்கூட்டரில் அப்படித்தான். அதனால், ஒரு விசிறி காற்றை இழுத்து சிலிண்டர்மேல் வீசும். பழுதாகக் குழாய் இல்லை. ஒழுகத் தண்ணீர் இல்லை.

ஐரோப்பாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது நம் ஊரில் தெரியாது. குளிர்காலத்தில் அங்கே ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆகிவிடும். தண்ணீர் உறைந்தால் பருக்கும். பருத்தால் இரும்பையே பிளந்துவிடும்! ஷெட் இல்லாதவர் ராத்திரியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, காலையில் மறுபடியும் ஊற்றவேண்டும். மறந்தால் என்ஜின் போயிற்று.

ஏழைக்குக் கார் செய்ய நினைத்தவருக்கு, இது சின்ன விஷயமா?

இரண்டு தோல்விகள்

மோட்டார் சைக்கிள் செய்யும் ஜுண்டாப் என்ற கம்பெனி முதலில் வந்தது. சின்னக் கார் வேண்டும் என்றது. ஆனால் என்ஜினில் ஐந்து சிலிண்டர் வேண்டும், தண்ணீரில்தான் குளிரவேண்டும் என்று சொல்லிவிட்டது. பணம் கொடுப்பவர் சொல்வதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்! மூன்று கார்கள் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். கோளாறுக்கு மேல் கோளாறு. கம்பெனி கைவிட்டது.

அடுத்து என்.எஸ்.யு. என்ற கம்பெனி வந்தது. இந்தத் தடவை போர்ஷே தம் இஷ்டப்படி செய்தார். நான்கு சிலிண்டர். இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், படுத்த நிலையில். என்ஜின் வண்டியின் பின்னால். சூடு தணிப்பது காற்று. சத்தம் காதைத் துளைத்தது. ஆனால் ஓடியது! மூன்று கார்கள் செய்ததோடு அந்தக் கம்பெனியும் நிறுத்திக்கொண்டது.

காற்றை நம்பியவர் போர்ஷே ஒருவர்தான் என்று எண்ணிவிடக் கூடாது. செக்கோஸ்லோவாக்கியாவில், டாட்ரா கம்பெனியில், ஹான்ஸ் லெட்விங்கா என்ற மேதை காற்றில் குளிரும் கார்களை முன்பே செய்துகொண்டிருந்தார். போர்ஷேயும் அவரும் பழக்கமானவர்கள். தங்கள் முறைகளை எடுத்துக்கொண்டதாக டாட்ரா கம்பெனி வழக்குப் போட்டது. நடுவில் யுத்தம் வந்துவிட்டது. 1960-களில் இழப்பீடு கொடுத்துத்தான் அந்த வழக்கு தீர்ந்தது. போர்ஷேயின் புகழில் ஒரு பங்கு லெட்விங்காவுக்குச் சேரவேண்டும்.

ஹிட்லர் கேட்ட கார்

1933-ல் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைப் பிடித்தார். மக்களுக்கு மலிவான கார் கொடுத்துப் பெயர் வாங்கவேண்டும் என்பது அவர் திட்டம். 1934-ல் போர்ஷேயை அழைத்துப் பேசினார்.

கணவன், மனைவி, குழந்தைகள் எல்லாரும் உட்காரும் கார். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். விலை 1,000 மார்க்குக்குள். கிராமத்து டாக்டரிடம் ஷெட் இருக்காது, அதனால் காற்றில் குளிரும் என்ஜின். இவை நிபந்தனைகள். கடைசி நிபந்தனை போர்ஷேக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல. விலைதான் அவரைத் தூங்கவிடவில்லை. அன்றைய சின்னக் கார்களே அதைவிட அதிக விலை.

தொழிற்சாலை இல்லை. போர்ஷே தம் வீட்டுக் கார் ஷெட்டையே பட்டறை ஆக்கினார். இரண்டு சிலிண்டர் வகை என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒன்று உடைந்தது. ஒன்று எண்ணெயைக் கக்கியது. கடைசியில் அவரிடம் வேலை பார்த்த பிரான்ஸ் ரைம்ஸ்பீஸ் என்ற இளம் என்ஜினீயர், நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்றை வரைந்தார். கொள்ளளவு 985 சி.சி. இரண்டு இரண்டாகப் படுத்த சிலிண்டர்கள். மேலே ஒரு பெரிய விசிறி. பெல்ட்டில் சுழலும். தகரக் கூடு ஒன்று அந்தக் காற்றை நான்கு சிலிண்டர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். எண்ணெயையும் அதே காற்று ஆற்றும்.

தகரக் கூடு! தந்தையின் பட்டறையில் கற்ற கைத்தொழில் வீண்போகவில்லை.

1936-ல் மூன்று கார்களை, ஒவ்வொன்றும் 50,000 கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு 30 கார்கள். மலையிலும் நெடுஞ்சாலையிலும் விரட்டி விரட்டி ஓட்டினார்கள். என்ஜின் தாங்கியது. 1938-ம் ஆண்டு மே 26-ந் தேதி பெரிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காரின் விலை 990 மார்க். வண்டு போல இருந்ததால், பிற்காலத்தில் உலகம் அதை வண்டு என்றே அழைத்தது.

மக்கள் வாரம் 5 மார்க் கொடுத்து முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டவேண்டும். அட்டை நிறைந்தால் கார். 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் இப்படிப் பணம் கட்டினார்கள். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்த பணம்.

ஒருவருக்குக்கூட அந்த ஆட்சி கார் கொடுக்கவில்லை.

1939-ல் யுத்தம் தொடங்கிவிட்டது. தொழிற்சாலை பட்டாளத்துக்கு வண்டி செய்யப் போய்விட்டது. போர்ஷேயின் என்ஜினைப் பொருத்திய சுமார் 50,000 ராணுவ வண்டிகள் வெளிவந்தன. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில், அவை தண்ணீர் இல்லாமல் ஓடின. ரஷியாவின் பனியில், மற்ற வண்டிகளின் ரேடியேட்டர்கள் உறைந்தபோதும் ஓடின. டாக்டருக்காகச் செய்த என்ஜின் சிப்பாய்களைச் சுமந்தது.

அந்த வண்டிகளைச் செய்தவர்கள் யார்? வேலைக்கு ஆள் இல்லை என்று, பிடித்த நாடுகளில் இருந்து மக்களைக் கட்டாயமாக இழுத்து வந்தார்கள். யுத்தக் கைதிகளையும் சிறைமுகாம் கைதிகளையும் கொண்டுவந்தார்கள். யுத்தம் முடியும்வரை ஏறக்குறைய 20,000 பேர் அங்கே அடிமைகள் போல உழைத்தார்கள். அங்கே வேலை பார்த்த வெளிநாட்டுப் பெண்களின் கைக்குழந்தைகளைத் தாயிடம் இருந்து பிரித்து ஒரு விடுதியில் போட்டார்கள். கவனிப்பு இல்லாமல் முந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன.

தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களில் போர்ஷேயும் ஒருவர். நாஜிக் கட்சியிலும் உறுப்பினர். என்ஜினைத் தவிர வேறு எதுவும் தெரியாத அப்பாவி என்று அவரைச் சொல்கிறவர்கள் உண்டு. அதை ஒப்புக்கொள்ள முடியாது. கைதிகள் நிற்பதை அவர் கண்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

சிறையில் ஒரு கிழவர்

யுத்தம் முடிந்தது. 1945 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் போர்ஷேயைக் கைது செய்தார்கள். அவருடைய மருமகன் ஆன்டன் பீக்கும் கைதானார். டிஜான் நகரச் சிறை. குளிர்காலம். அறையில் கணப்பு கிடையாது. 70 வயதைத் தாண்டியவரின் உடம்பு ஒடிந்துபோயிற்று.

மகன் பெர்ரி ஆஸ்திரியாவில், மரம் அறுக்கும் ஆலை இருந்த இடத்தில் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். இத்தாலியக் கம்பெனி ஒன்றுக்குப் பந்தயக் கார் வடிவமைத்துக் கொடுத்து, அந்தப் பணத்தால் ஜாமீன் கட்டினார். தந்தையும் மருமகனும் 1947 ஆகஸ்டில் வெளியே வந்தார்கள். அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கோர்ட்டு, குற்றம் இல்லை என்று போர்ஷேயை விடுவித்தது. தொழிற்சாலையில் மடிந்த குழந்தைகளைப் பற்றியது அல்ல அந்த வழக்கு.

அவர் சிறையில் இருந்த நாட்களில்தான் வேன் பிறந்தது!

குண்டுவீச்சில் சிதைந்த தொழிற்சாலை அப்போது ஆங்கிலேயப் பட்டாளத்தின் கையில். மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்பவர் அதைப் பழுது பார்த்து, வண்டு கார்களைச் செய்யத் தொடங்கி இருந்தார். ஆலைக்குள் சாமான் தூக்க, கார் என்ஜினை வைத்து, மேலே பலகை போட்டு, ஒரு தட்டு வண்டியும் செய்திருந்தார்கள். கார் வாங்க வந்த பென் பான் என்ற ஹாலந்து வியாபாரி அதைப் பார்த்தார். 1947-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, தம் குறிப்பு நோட்டில் ஒரு படம் கிறுக்கினார். ரொட்டிப் பெட்டி போல ஒரு வண்டி. முன்னால் டிரைவர். பின்னால் என்ஜின். நடுவில் சாமான். அவ்வளவுதான்!

1950-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி அந்த வேன் வரிசையாகத் தயாராகத் தொடங்கியது. என்ஜின் 1,131 சி.சி. சக்தி வெறும் 25 குதிரை. அதை வைத்துக்கொண்டு முக்கால் டன் சுமந்தது.

வேனில் எது நல்லது?

நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முன்பு ஒரு வேன் செய்தார்கள். வண்டலூரில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையின் ஸ்டாண்டர்டு வேன்தான் அது. தொழிற்சாலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆம்புலன்சாகவும் பள்ளிக்கூட வேனாகவும் அதைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

அது தண்ணீர் என்ஜின். டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில், பெட்டி போட்டு மூடி வைத்திருப்பார்கள். சித்திரை மாதத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து போனவருக்குத் தொடை வெந்துவிடும்! ஆனால் கோளாறு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே மூடியைத் தூக்கிப் பார்க்கலாம். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார்.

போர்ஷே என்ஜின் பூட்டிய வேனில் சூடும் சத்தமும் பின்னால். முன்னால் ரேடியேட்டர் இல்லாததால் டிரைவர் வண்டியின் மூக்கிலேயே உட்கார்ந்திருப்பார். பாரம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் ஏறும். நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, என்ஜினையே வெளியே இழுத்துவிடலாம். நடுரோட்டில் தண்ணீர் தேடும் வேலை கிடையாது.

1960-களிலும் 70-களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இந்த வேன்களில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கே வந்தார்கள். சமையலும் வண்டியில், படுக்கையும் வண்டியில். பாலைவனமும் பனிமலையும் குறுக்கிட்ட அந்த வழிக்கு, தண்ணீர் கேட்காத என்ஜின் எவ்வளவு தோது!

குறை இல்லையா? உண்டு. விசிறி பெல்ட் அறுந்தால் தீர்ந்தது. சில நிமிடங்களில் என்ஜின் வெந்துவிடும். வேன் கனமான வண்டி. மேட்டில் மெதுவாக ஏறும்போது என்ஜின் முக்கி முனகும். சூடு அதிகம் பிறக்கும். நான்கு சிலிண்டர்களில் மூன்றாவது சிலிண்டருக்கு முன்னால், எண்ணெய் ஆற்றும் பெட்டி காற்றை மறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் மற்ற மூன்றும் நன்றாக இருக்கும்போதே, இந்த ஒன்று மட்டும் கருகும். பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தப் பெட்டியை இடம் மாற்றினார்கள்.

எண்ணெயும் இங்கே சூட்டைச் சுமக்கிறது. தண்ணீர் வண்டிக்காரர் காலையில் ரேடியேட்டரைப் பார்ப்பதுபோல, காற்று வண்டிக்காரர் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தே ஆகவேண்டும். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை என்று எதையுமே பார்க்காமல் ஓட்டியவர்கள்தான் என்ஜினைச் சாகடித்தார்கள்.

கடப்பாக்கம் போன்ற கடலோரத்துக்கு எது சரி? பனி உறையும் பயம் இங்கே இல்லை. ஆகவே போர்ஷே சொன்ன காரணத்தில் பாதி இங்கே பொருந்தாது. உப்புத் தண்ணீர்த் தொல்லை மட்டும் பொருந்தும். அதற்கும் வழி வந்துவிட்டது. உப்பு இல்லாத சுத்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றினால் துரு ஏறாது. வேனில் எட்டு பேர் ஏறி, எதிர்வெயிலில் நின்று நின்று போவதானால், தண்ணீர் என்ஜின்தான் ஒரே சீராக இருக்கும். வழியில் ஊரே இல்லாத நீண்ட பயணம் என்றால் காற்று. பழைய வேன்களை வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வண்டுகள் நிறைந்த சாலை

சிறையில் இருந்து வந்த போர்ஷேயால் பழையபடி உழைக்க முடியவில்லை. மகன் பெர்ரி 1948-ல் போர்ஷே என்ற பெயரிலேயே சொந்தக் கார் கொண்டுவந்தார். அதிலும் காற்றில் குளிரும் என்ஜின்தான்.

1950-ம் ஆண்டு பிற்பகுதியில் போர்ஷே பழைய தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். போகும் வழியில் நெடுஞ்சாலை முழுவதும் வண்டு கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவர் கண் கலங்கினார் என்பார்கள். முத்திரை ஒட்டி ஏமாந்தவர்களில் பலர் அப்போதும் கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். 1961-ல்தான் அவர்களுக்குச் சமரசம் ஏற்பட்டது. புதுக் கார் வாங்கினால் விலையில் கொஞ்சம் தள்ளுபடி, அல்லது சிறு தொகை. அவ்வளவுதான்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு போர்ஷே படுத்த படுக்கையானார். 1951-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஸ்டுட்கார்ட்டில் காலமானார். வயது 75. ஆஸ்திரியாவில் குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

என்ஜின் அதற்குப் பிறகும் ஓடியது. 1982-ன் இறுதியில் ஜெர்மனியில் வேனுக்குத் தண்ணீர் என்ஜின் வந்துவிட்டது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் கடுமையாயின. ஒரே சீராகச் சூடு தணியாத என்ஜினில் புகையைக் கட்டுப்படுத்துவது கடினம். மெக்சிகோவில் கடைசி வண்டு கார் 2003-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி வெளிவந்தது. அதோடு சேர்த்து மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல்!

வேன் பிரேசில் நாட்டில் மட்டும் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே 2005 டிசம்பரில் காற்று என்ஜினை நிறுத்தினார்கள். அதே பழைய வேனுக்குத் தண்ணீர் என்ஜினைப் பொருத்தி, மேலும் எட்டு ஆண்டுகள் விற்றார்கள். தண்ணீர் என்ஜினுக்கு ரேடியேட்டர் வேண்டுமே! மொழுமொழுவென்று மூடியிருந்த வேனின் மூக்கில், கறுப்பாக ஒரு சல்லடை முளைத்தது.